கிளம்பிய லாரியைக் கூப்பிடக் கூடாது

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும் என்று என் கணவர் சொல்வார். ஹெல்மெட் போட்டிருந்தால் அதுவும் வெளியே தெரியாது. நான் சைக்கிளுக்கு ஹெல்மெட் போடுகிறவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற எங்கள் அலுவலகத்தில் இதை வைத்து என்னைக் கேலி செய்யாதவர்கள் பாக்கி இல்லை. ராக்கெட்டில் வந்தீங்களா என்று வாசல் செக்யூரிட்டி முதற்கொண்டு கேட்டாயிற்று. நான் பதில் சொல்வதில்லை. தலை என்னுடையது, மாற்றுத் தலை கடையில் கிடைக்காது.

நாற்பத்து மூன்று வயதில் சைக்கிள் வாங்கினேன். டாக்டர் என் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, தினமும் ஒரு மணி நேரம் நடங்கள் என்றார். நடப்பதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. அயனம்பாக்கத்தில் இருக்கிற எங்கள் பிளாட்டிலிருந்து எஸ்டேட்டுக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம். போக நாலு, வர நாலு. நடக்கச் சொன்ன டாக்டருக்கு மிதித்துக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த ரோட்டில் சைக்கிளுக்கு என்று தனியாக இடம் கிடையாது. கிடைக்கிற இடம் இடது ஓரத்து மண்தான். அதிலும் பாதியில் இளநீர் வண்டி நிற்கும், மீதியில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிய பள்ளம் இருக்கும். யூ-டர்ன் வரை போகச் சோம்பல்பட்டு எதிர்ப்பக்கமாகவே வருகிற பைக்குகள் நம்மைப் பார்த்து ஹார்ன் வேறு அடிக்கும், நாம்தான் தப்பாக வருகிறோம் என்பது போல. இதில் மூன்று வருடம் ஓட்டியதில் எனக்கென்று ஒரு சட்டப் புத்தகமே மனதில் சேர்ந்துவிட்டது. துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போட வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் இறங்கவே கூடாது, அதற்கடியில் என்ன இருக்கிறது என்று கார்ப்பரேஷனுக்கே தெரியாது. நிறுத்தியிருக்கும் காரை ஒட்டிப் போகக் கூடாது, கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது. பேச வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்தி இறங்கித்தான் பேச வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய வண்டிகள் திரும்பவோ நிற்கவோ வேகம் குறைத்தால், அதற்கும் ஓரத்துக்கும் நடுவே இருக்கிற இடது பக்கச் சந்தில் புகுந்து முன்னால் போய்விடுவேன். சைக்கிள் வைத்திருப்பதன் ஒரே லாபம் அதுதான் என்பது என் கட்சி.

என் மகள் அந்த வருடம் ஏழாம் வகுப்புக்குப் போக இருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடம் சைக்கிளில் போனால் பத்து நிமிட தூரம். ஆனால் பள்ளி வேன் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்து, அவளை ஆறே முக்காலுக்கு ஏற்றிக்கொண்டு, நொளம்பூர் முழுக்கச் சுற்றிவிட்டு எட்டு மணிக்குக் கொண்டுபோய் இறக்கும். அவளுக்கு வேன் நாற்றம் ஆகாது. வாரத்தில் இரண்டு நாளாவது வாந்தி. பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கவரும் எலுமிச்சம்பழமும் இருக்கும். மற்ற பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று அவள் என்னிடம் சொன்னதில்லை. வேன் டிரைவர்தான் சொன்னார்.

ஜூனிலிருந்து நீ சைக்கிளில் போகலாம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த ஒரு வாக்கில்தான் அவள் ஆறாம் வகுப்பைத் தாண்டினாள் என்று சொன்னால் மிகையில்லை. அவள் அப்பாவுக்கு இதில் அரை மனசு. ஏப்ரல், மே முழுக்க நான் காலையில் அவளை ஏரிக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கி வந்தேன்.

ஏரிக்கரை என்று சொன்னவுடன் எங்களுக்குத் தண்ணீர்க் கஷ்டம் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். மொட்டை மாடியில் நின்றால் ஏரி தெரியும், குழாயைத் திறந்தால் காற்று வரும். மே மாதம் ஆனால் போர்வெல் கையை விரித்துவிடும். பிறகு லாரித் தண்ணீர்தான். கோவில்பதாகை பக்கம் ஒரு கிணற்றில் நிரப்பிக்கொண்டு, ஆவடி, அம்பத்தூர் எல்லாம் தாண்டி லாரி எங்களிடம் வர வேண்டும். இருபத்து நாலு வீடுகளுக்கும் லாரி வரவழைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். திறமையைப் பார்த்து அல்ல. கத்தத் தெரிந்தவள் என்று.

நானும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினேன். லாரி டிரைவரைச் சும்மா விட்டால் வழியில் வேறு பிளாட்காரர்கள் மடக்கிவிடுவார்கள் என்பது எங்கள் பயம். அதனால் ஒரு முறை கண்டுபிடித்தேன். லாரி கிணற்றிலிருந்து கிளம்பியதும் நான் கூப்பிடுவேன். சில நிமிடம் கழித்து என் கணவர், அதற்குப் பிறகு இன்னொரு வீட்டுக்காரர், இப்படி வரிசையாக ஐந்து பேர் எங்கே இருக்கீங்க, எங்கே இருக்கீங்க என்று கேட்டுக்கொண்டே இருப்போம். வாட்ஸ்அப் குழுவில் என் வரிசைப் பட்டியலுக்குக் கைதட்டுகிற பொம்மைகள் குவிந்தன. இந்தப் பக்கத்தில் பாதி பிளாட்டுகளில் இதே மாதிரிதான் நடக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அது மே கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே, தரைக்கடியில் தண்ணீர் சேர்க்கிற எங்கள் சம்ப்பில், தண்ணீர் அடி தட்டிவிட்டது. மதியம் வர வேண்டிய லாரி வரவில்லை. அலுவலகத்திலிருந்து நாலு முறை கூப்பிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, கிளம்பினேன். அத்திப்பட்டில் ஒரு டீக்கடை ஓரம் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, சட்டப்படி போனை எடுத்து மறுபடி கூப்பிட்டேன். பக்கத்துல வந்துட்டேன் மேடம், அஞ்சு நிமிஷம் என்றார் டிரைவர். இந்த ஊரில் அஞ்சு நிமிஷம் என்றால் அரை மணி என்று யாருக்குத் தெரியாது? குழுவில், நம்ப வேண்டாம், வரிசைப்படி எல்லாரும் கூப்பிடுங்கள் என்று போட்டேன். அடுத்த முறை என் கணவருடையது. அவர் அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிட்டு மிதித்தேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். நான் அதை நெருங்கும்போது என்னைத் தாண்டிய ஒரு தண்ணீர் லாரி முனைக்கு முன்னால் வேகம் குறைத்தது. கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கவும் செய்தது. நேரே போகிறது என்று நினைத்தேன். இடது பக்கம் என்னுடைய அருமையான சந்து திறந்துகிடந்தது. புகுந்தேன்.

லாரி வலது பக்கம் ஒதுங்கியது இடது பக்கம் திரும்புவதற்காக. நீள வண்டி அப்படித்தான் திரும்பும் என்பது மூன்று வருடம் அந்த ரோட்டில் ஓட்டிய எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முன்பகுதி என் தலைக்கு முன்னால் வளைந்து போனது. பிறகு பின்சக்கரங்கள் வந்தன. அவை முன்சக்கரம் போன வழியில் வரவில்லை, இன்னும் உள்ளே வெட்டிக்கொண்டு என் மேல் வந்தன. நான் கத்தினேன். லாரியின் பக்கவாட்டு இரும்பு என் ஹேண்டில்பாரைத் தட்டியது. முனையில் வீடு கட்டுகிறவர்கள் கொட்டி வைத்திருந்த மணல் மேல் தலைகீழாகப் போய் விழுந்தேன். ஹெல்மெட் எதிலோ இடித்தது. டேங்கர் மூடியிலிருந்து சிந்திய தண்ணீர் முகத்தில் விழுந்தது. யார் வீட்டுக்கோ போகிற தண்ணீர் என்று நினைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார். முழங்கால் தோல் போயிருந்தது, மணிக்கட்டு வலித்தது, வேறொன்றும் இல்லை. சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. என் காலிலிருந்து அது ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. ஒரு முழம்தான். உட்காருங்க, தண்ணி குடிங்க என்று அவர் சொன்னது காதில் ஏறவில்லை. சைக்கிளை அரைகுறையாகத் தூக்கி உருட்டிக்கொண்டு தெருவுக்குள் நடந்தேன். அந்த லாரி இந்தத் தெருவை விட்டுத் திரும்பிப் போகட்டும் பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

அது எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் சம்ப்புக்குள் குழாய் இறங்கி, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் மூடிக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து வீட்டுக்காரர்கள் கல்யாண வீட்டு முகத்தோடு சுற்றி நின்றார்கள். டிரைவர் முப்பது வயதுக்குள் இருப்பார். இரண்டு வருடமாக வருகிறவர்தான், ஆனால் எனக்கு அவர் ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். அன்றுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். பார்த்தவுடன் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாது. கண் தெரியுமா தெரியாதா என்பதுதான் அதில் மரியாதையான வரி.

அவர் என் முழங்காலையும் சைக்கிளையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. சத்தியமாகப் பார்க்கவில்லை என்றார். அவ்வளவு பெரிய கண்ணாடி இரண்டு வைத்துக்கொண்டு ஆறடி தள்ளி இருந்த என்னைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

“நீங்களே ஏறிக் குந்தி பாருங்கக்கா,” என்றார். “நான் சொன்னா பொய்யின்னுவீங்க.”

ஏறினேன். முழங்கால் வலியோடு லாரியில் ஏறுவது லேசுப்பட்ட காரியமில்லை, கோபம்தான் ஏற்றிவிட்டது. டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, என் கணவரை நெளிந்த சைக்கிளோடு இடது பக்கம் போய் நிற்கச் சொன்னேன். நின்றாயிற்று என்று அவர் குரல் வந்தது. ஆள் இல்லை. இடது கண்ணாடியில் மதில் சுவர் தெரிந்தது, முருங்கை மரம் தெரிந்தது, எதிர்வீட்டுக் கோலம் கூடத் தெரிந்தது. இன்னும் முன்னால் வாங்க என்றேன். வந்துவிட்டேன் என்றார். இல்லை. கையைத் தூக்குங்க என்றேன். கண்ணாடிக்குக் கீழே, ஜன்னல் விளிம்பில், ஐந்து விரல் மட்டும் வந்து ஆடியது. கல்யாணமாகிப் பதினாறு வருடம் பார்த்துவருகிற மனிதர் ஆறடி தூரத்தில் முழுசாகக் காணாமல் போயிருந்தார்.

அப்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் கிடந்த டிரைவரின் போன் அடித்தது. திரையில் ‘அயனம்பாக்கம் பிளாட் 5’ என்று வந்தது. எங்கள் வரிசையின் ஐந்தாவது ஆள். லாரி கீழே வந்து நிற்பது தெரியாமல், மூன்றாவது மாடியிலிருந்து கடமையைச் செய்துகொண்டிருந்தார்.

அது அடித்து ஓய்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓய்ந்ததும் திரையில் அதற்குக் கீழே வரிசையாக நின்றன: பிளாட் 4, பிளாட் 3, பிளாட் 3, பிளாட் 2, பிளாட் 1. எங்கள் வரிசைப்படியே அவர் பெயர் போட்டு வைத்திருந்தார், பிளாட் 1 என்பது நான். அதற்குக் கீழேயும் நான், அதற்குக் கீழேயும்.

திரும்பும்போது யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டேன். அவர் என் கணவர் பக்கம் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“தப்பு என்துதான்க்கா. வண்டிய திருப்பசொல்லோ போனு காதுல இருந்துச்சு. சார்தான் லைன்ல இருந்தாரு. எடுக்காம உட்டா திட்டுவீங்க, அதான் எடுத்துட்டேன்.”

என் கணவர் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார். என் மேல் சக்கரம் ஏற வந்தபோது அந்த டிரைவரின் காதில் இருந்தது என் கணவரின் குரல். அவரைக் கூப்பிடச் சொன்னது நான். பக்கத்தில் வந்துவிட்டேன், அஞ்சு நிமிஷம் என்று டிரைவர் சொன்னது சத்தியமான வார்த்தை. அவர் எனக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மா சொல்லவில்லை. இரண்டு வருடமாக அந்த மனிதரை ஓட ஓட விரட்டிவிட்டு, அதே ரோட்டில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பத்திரமாகப் போகிறவள் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். இறங்கும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. மன்னிப்பு மட்டும் எனக்குச் சீக்கிரம் வராது.

அன்று இரவு என் கணவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சைக்கிள் வேண்டாம், ஜூனிலும் வேன்தான். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நான் வாய் திறப்பதற்குள், “இவ்வளவு சட்டம் பேசற உனக்கே இந்தக் கதி. அவளுக்குப் பன்னெண்டு வயசு,” என்றார்.

என் மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. கீழே போய்த் தன் சைக்கிளை பார்க்கிங் மூலையில் தள்ளி, மழைக்கு வாங்கிய உறையைப் போட்டு மூடிக் கட்டிவிட்டு வந்தாள். பிறகு சமையலறைக்கு வந்து, வீட்டில் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டாள். ஸ்கூல் திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்றேன். சும்மா கேட்டேன் என்றாள். அப்படிக் கேட்பதற்கு அவள் அழுதிருந்தால் தேவலை.

மூன்று நாள் ஷேர் ஆட்டோவில் அலுவலகம் போனேன். இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து யோசிப்பதற்கு அதில் நிறைய நேரம் கிடைக்கிறது. விதி என்று நினைக்க எவ்வளவோ முயன்றேன். விதி என்றால் பாரம் இறங்கிவிடும். ஆனால் எப்படிப் பார்த்தாலும் அது விதியாக இல்லை. டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் நான் நின்றேன், அது ஒன்று. அவர் காதில் நாங்கள் போனை வைத்தோம், அது இன்னொன்று. இரண்டுமே மனிதர்கள் செய்தது. செய்தவர்கள் நினைத்தால் செய்யாமலும் இருக்கலாம். இதை நினைத்தபோது அந்த நெரிசலிலும் எனக்கு உடம்பு லேசானது.

இறங்கியதும் டிரைவரைக் கூப்பிட்டேன். முதலில், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை, கிணத்தாண்ட கீறேன் என்றார். அவரிடம் அப்படி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அன்று கத்தியதற்கு மன்னிச்சுக்கோங்க என்று ஒருவழியாகச் சொன்னேன். பிறகு, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் இறக்கிய பிறகு அரை மணி நேரம் லாரியை எங்கள் வாசலில் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வந்தது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகு அவர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து கோலமாவு டப்பாவை எடுத்து வந்து என் கணவர் கையில் கொடுத்தேன். வாழ்க்கையில் ஒரு புள்ளி வைத்தறியாதவர். லாரியைச் சுற்றி மெல்ல நடக்க வேண்டும், டிரைவர் தெரியுது என்றால் ஓரடி உள்ளே, தெரியவில்லை என்றால் ஓரடி வெளியே, இரண்டுக்கும் நடுவில் கோடு. இதுதான் வேலை. முனகிக்கொண்டேதான் ஆரம்பித்தார். தெர்ல சார், தெர்ல, இன்னும் போங்க, தெர்ல, ஆங், இப்பத் தெரியுது. இப்படியே முன்னால் ஆரம்பித்து இடது பக்கம் வந்தபோது அவர் முனகுவதை நிறுத்திவிட்டார். கோடு விலகி விலகி எதிர்ச் சுவர் வரை போய்விட்டது. பின்னால் போனபோது டப்பாவே காலி. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

முடித்து நிமிர்ந்தபோது, லாரியைச் சுற்றி ஒரு கோணல் வெள்ளைக் கோடு கிடந்தது. வலது பக்கம் ஒல்லியாகவும் இடது பக்கம் ஊதிப்போயும் இருந்தது. பிளாட் பிள்ளைகள் பதினொரு பேர் அதற்குள் போய் நின்றார்கள். என் மகளை ஏற்றி டிரைவர் இருக்கையில் உட்கார வைத்தேன். எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று கேட்டேன். எட்டிப் பார்த்து, திரும்பிப் பார்த்து, யாருமே இல்லையே அம்மா என்றாள். கீழே பதினொரு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை.

டிரைவர் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“என் மூஞ்சி உனக்குத் தெரிஞ்சாத்தான் பாப்பா, உன் மூஞ்சி எனக்குத் தெரியும். தெர்லியா, அங்கயே நின்னுக்கோ. எந்த லாரியா இருந்தாலும் சரி.”

அன்றைக்கே குழுவில் புதிதாக ஒன்று போட்டேன். லாரி கிணற்றிலிருந்து கிளம்பும்போது டிரைவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அதற்குப் பிறகு வாசலில் வந்து நிற்கிற வரை அவரை யாரும் கூப்பிடக் கூடாது. சம்ப்பில் மூங்கில் குச்சி விட்டு முதல் நாள் மாலையே அளந்து பார்த்துச் சொல்லிவிடுவது நம் வேலை. வழியில் வேறு யாராவது மடக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள். குளிக்காமல் இருப்போம் என்றேன். இந்த முறை கைதட்டுகிற பொம்மைகள் கொஞ்சம் குறைவுதான். மழை இல்லாததால் கோலமாவுக் கோடு நாலு நாள் இருந்தது. என் கணவர் போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்ததை நான் கவனித்தேன். ஐந்தாம் நாள் காலையில், மகளுடைய சைக்கிள் உறையை அவரே அவிழ்த்து, டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். மீதி நாட்களில் மூன்று பேரும் சேர்ந்து அவள் பள்ளி வரை போய் வந்தோம். அவர் என் பழைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். அது அவர் தலைக்குப் பத்தவில்லை.

பள்ளி திறந்த அன்று ஏழு இருபத்தைந்துக்கு அவள் கிளம்பினாள். தனியாக. பையில் பிளாஸ்டிக் கவர் இல்லை. தெரு முனையில் மருந்துக்கடைக்கு முன்னால் காலை ஊன்றி நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி மறைந்தாள். பால்கனியிலிருந்து இருவரும் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, காலிங் பெல் அடித்தது. மூன்றாவது மாடிக்காரர். முந்தின நாள் மாலை குச்சி விட்டு அளக்கிற முறை அவருடையது, மறந்துவிட்டார். இப்போது தண்ணீர் நின்று, கண்ணில் சோப்போடு, தோளில் துண்டோடு வந்து நிற்கிறார். விடிந்த பிறகுதான் நான் லாரிக்குச் சொன்னேன், கிளம்பிவிட்டது என்று மிஸ்டு கால் வந்திருந்தது. எங்கே வருகிறார் என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள் மேடம் என்றார். அவருக்குப் பின்னால் படியில் இன்னும் இரண்டு பேர். எனக்கும் அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, எங்கள் வீட்டிலும் பாத்திரம் கழுவக் கூடத் தண்ணீர் இல்லை. பழக்கம் விடவில்லை, போன் கையில் வந்துவிட்டது, விரல் நம்பருக்கே போய்விட்டது.

அந்த நேரத்தில் அவர் அம்பத்தூர் தாண்டி இந்த ரோட்டில்தான் வந்துகொண்டிருப்பார். அதே ரோட்டில் எதிர்த்திசையில் என் மகள் போய்க்கொண்டிருக்கிறாள். போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். சோப்புக்காரருக்குக் குடிதண்ணீர் ஃபில்டரில் இருந்ததை ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போனார்.

லாரி ஏழு ஐம்பதுக்கு வந்தது. நான் கீழே ஓடினேன். டிரைவர் இறங்கிக் குழாயை இழுத்துச் சம்ப்புக்குள் விட்டுவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

“பாப்பாவ ஸ்கூலாண்ட பாத்தேன்க்கா. ரோடு தாண்ட சைக்கிள உட்டு எறங்கி நின்னுகினு இருந்துச்சு. நான் நிறுத்துனேன். என் மூஞ்சிய நல்லா பாத்துட்டு, தலைய ஆட்டிட்டு, அப்பறம்தான் தள்ளிகினு போச்சு. கேட்டுக்குள்ள போற வரிக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்.”

என் காது கோபம் இல்லாமலே சிவந்திருக்க வேண்டும். அவர் வால்வைத் திறந்துவிட்டார். தண்ணீர் விழுகிற சத்தத்தில் கொஞ்சம் உரக்கச் சொன்னார்:

“வழில ஒருத்தரும் கூப்புடல இல்ல, அதான் பாப்பா தெரிஞ்சுச்சு.”

மேலே மூன்றாவது மாடியில் யாரோ குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்ப்பு நிரம்பட்டும், இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்று கத்திச் சொல்லிவிட்டு, என் சைக்கிளை எடுக்கப் போனேன்.